ஒரு நாளில் 352 முறை: யார் எண்ணிய கணக்கு?

சராசரி அமெரிக்கர் ஒரு நாளில் 352 முறை தம் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார் என்று 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை வெளியிட்டது அசூரியன் என்ற அமெரிக்க நிறுவனம். கைப்பேசிக் காப்பீடும் பழுதுபார்ப்பும் அதன் தொழில். இதே நிறுவனம் 2017-இல் சொன்ன எண் 80, 2019-இல் சொன்ன எண் 96. மூன்றே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் பழக்கம் நான்கு மடங்கை நெருங்கிவிட்டது என்றால் அது சாதாரணச் செய்தியாக இருக்க முடியாது. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தது நினைவில் இருந்ததால், படித்தவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த வடிவத்தில் 'அமெரிக்கர்' என்ற சொல் எங்கோ வழியில் உதிர்ந்து, 'மனிதன் 2 நிமிடம் 43 விநாடிக்கு ஒரு முறை போனைத் தொடுகிறான்' என்று மாறியிருந்தது.

அந்த 43 விநாடிதான் என்னை உறுத்தியது. 352-ஐ 2 நிமிடம் 43 விநாடியால் பெருக்கிப் பாருங்கள்; ஏறத்தாழ 960 நிமிடம், அதாவது 16 மணி நேரம் வரும். 2019-இன் செய்தியில் '10 நிமிடத்துக்கு ஒரு முறை' என்று இருந்தது. 96-ஐ 10-ஆல் பெருக்கினாலும் 960. 2017-இல் சொன்ன '12 நிமிடத்துக்கு ஒரு முறை' என்பதும் 80 முறையோடு சேர்ந்து அதே 960-ஐத்தான் தருகிறது. ஆக, மனிதர் விழித்திருக்கும் நேரம் 16 மணி என்று வைத்துக்கொண்டு, கிடைத்த எண்ணால் அதை வகுத்திருக்கிறார்கள். இடைவெளியை எவரும் அளக்கவில்லை. இருந்தும் விநாடிவரை எழுதப்பட்ட ஓர் இடைவெளியைப் பார்க்கும் வாசகர், யாரோ கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று குறித்ததாக நம்பிவிடுகிறார். கைப்பேசிப் பயன்பாடு அப்படி நாள் முழுவதும் சீராகப் பரவி நடப்பதும் இல்லை. பேருந்துக்காகக் காத்திருக்கும் கால் மணி நேரத்தில் பத்து முறை எடுத்துப் பார்ப்பவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அதன் பக்கமே போகாமல் இருக்கக்கூடும்.

நான் சந்தை ஆய்வுத் தொழிலில், கேள்வித்தாள் எழுதும் பக்கத்திலும், பிறகு வந்து சேரும் பதில்களைச் சலித்துச் சரிபார்க்கும் பக்கத்திலும் நெடுங்காலம் இருந்தவன். அந்தத் தொழிலின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. எந்த ஊரில் எந்த அளவுப் பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் என்று ஒழுங்காகச் செய்த ஆய்வு முன்கூட்டியே சொல்லி, அது பலித்ததையும் பார்த்திருக்கிறேன். ஷாம்பு ஆய்வு பிழையானால் சரக்கு தேங்கும். நட்டம் பணம் கொடுத்தவருக்கே. ஆகவே அவர் சாம்பிளை எங்கே எடுத்தீர்கள், எத்தனை பேரைத் திரும்பப் போய்ச் சரிபார்த்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். ஸ்மார்ட்போன் பயன்படுத்துவோரைப் பற்றி நாம் செய்திகளில் படிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை வைத்து எவரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை. செய்தியாக வெளிவருவதே அவற்றின் பயன். எண் தவறாக இருந்தால் அங்கே யாருக்கும் நட்டமில்லை, எண் சிறியதாக இருந்தால்தான் நட்டம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற குறைகள் எல்லாம் ஏன் திருத்தப்படாமலே தொடர்கின்றன என்பது விளங்கிவிடும்.

எதை எண்ணுகிறார்கள் என்பதே ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. 2013-இல் இணையத் தொழில்துறையை அலசும் அமெரிக்க ஆய்வாளர் மேரி மீக்கர் தம் இணையப் போக்குகள் அறிக்கையில், ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 முறை கைப்பேசியை நாடுகிறார் என்று காட்டினார். அது டோமி அஹோனென் என்ற கைப்பேசித் துறை ஆலோசகரின் மதிப்பீடு. செய்திகளுக்கு 23 முறை, அழைப்புகளுக்கு 22 முறை, மணி பார்ப்பதற்கு 18 முறை என்று பல வேலைகளையும் கூட்டி வந்த தொகை. அந்த 150 பல ஆண்டுகள் உலகத்தைச் சுற்றிவந்தது. மதிப்பீடு என்ற குறிப்பு மட்டும் கூடவே வரவில்லை. 2016-இல் டிஸ்கவுட் என்ற ஆய்வு நிறுவனம் 2,617 என்றது. இங்கே எண்ணப்பட்டது திரையில் விரல் படும் ஒவ்வொரு தட்டலும் ஒவ்வொரு தள்ளலும். 'நாளைக் காலை வருகிறேன்' என்று ஒரு வரியைத் தட்டச்சு செய்து அனுப்பினாலே பத்து இருபது தொடுகைகள் ஆகிவிடும் என்பதால், இந்தக் கணக்கில் நிறைய எழுதுபவர் அடிமையாகவும், மூன்று மணி நேரம் கை படாமல் காணொளி பார்ப்பவர் துறவியாகவும் தெரிவார்கள். அதே ஆய்வு இன்னோர் எண்ணையும் சொன்னது: கைப்பேசியை எடுத்து, பயன்படுத்தி, கீழே வைப்பதை ஒரு தடவை என்று கொண்டால், ஒரு நாளில் சராசரியாக 76 தடவை. செய்தித் தலைப்புக்குப் போனது எது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த 76-ஐப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். டிஸ்கவுட் ஆட்களிடம் கேட்டு எழுதவில்லை. அவர்களுடைய கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிப் பதிவு செய்தது. அதே 2016 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், தன் சாதனங்களைப் பயன்படுத்துவோர் ஒரு நாளில் சராசரியாக 80 முறை பூட்டைத் திறக்கிறார்கள் என்று தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில், பிரிட்டனைச் சேர்ந்த சாலி ஆண்ட்ரூஸ், டேவிட் எல்லிஸ் ஆகியோரும் அவர்களது சகாக்களும் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில், 23 பேரின் கைப்பேசிகள் இரண்டு வாரம் தாமே பதிந்த கணக்கு நாளுக்கு 85 என்று இருந்தது. மூன்று வெவ்வேறு இடங்கள், வெவ்வேறு நோக்கங்கள், அளவுகோலும் முழுக்க ஒன்றல்ல. ஆனாலும் இயந்திரம் எண்ணியபோது விடைகள் 76, 80, 85 என்று அருகருகே வந்து விழுந்தன. மூன்றிலும் சாம்பிள் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. டிஸ்கவுட் எண்ணியது 94 ஆண்ட்ராய்டு பயனர்களை, அதுவும் ஐந்தே நாள். பிரிட்டன் ஆய்வில் இருந்ததோ ஒரு வகுப்பறையை நிரப்பப் போதாத ஆட்கள். இவற்றை வைத்து மனிதகுலத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அளப்பது என்றால் என்ன என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

பிரிட்டன் ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. அதே 23 பேரிடம், நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை கைப்பேசியைப் பயன்படுத்துவீர்கள் என்றும் கேட்டார்கள். அவர்கள் சொன்ன எண், பதிவான எண்ணில் பாதியைக்கூட எட்டவில்லை. சொன்ன கணக்குக்கும் உண்மைக் கணக்குக்கும் ஆள்வாரியாகத் தொடர்பும் தென்படவில்லை. அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் சொல்லியிருந்தால் ஒரு பெருக்கல் போட்டுச் சரிசெய்துவிடலாம், அப்படியும் இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினம் அல்ல. பதிவான பயன்பாடுகளில் பாதிக்கும் மேல் 30 விநாடிக்குக் குறைந்தவை. மணி பார்ப்பது, செய்தி வந்ததா என்று திரையை ஒளிரவிடுவது, பிறகு எதற்காக எடுத்தோம் என்பதே மறந்து கீழே வைப்பது ஆகியவை கவனமின்றி நடப்பதால்தான் நாம் அவற்றைப் பழக்கம் என்கிறோம். கவனமின்றிச் செய்ததை எண்ணிச் சொல் என்று ஒருவரைக் கேட்டால், அவர் மரியாதைக்காக ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை நாம் அளவீடு என்று அச்சடிக்கிறோம்.

இது ஒரு சிறு ஆய்வின் விந்தை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரியும் குழுவினரும் இப்படிச் சொன்ன கணக்கையும் பதிவான கணக்கையும் ஒப்பிட்ட 47 ஆய்வுகளைத் திரட்டி, 2021-இல் நேச்சர் குழுமத்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.38. புள்ளியியல் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொன்னால், ஒருவர் சொல்லும் எண்ணில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்குதான் உண்மைப் பயன்பாட்டோடு சேர்ந்து நகர்கிறது. மீதியெல்லாம் மனநிலை, மறதி, வெட்கம், கேள்வி கேட்ட விதம். சொன்ன சராசரி பதிவான சராசரிக்கு 5 சதவீதம் முன்னே பின்னே இருந்த ஒப்பீடுகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். ஆகவே பிழை எந்தத் திசையில் இருக்கும் என்று முன்கூட்டி அறிந்து திருத்தவும் வழியில்லை. 96-இலிருந்து 352-க்குப் போன பயணத்தில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு கேள்வித்தாள் என்பதை வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாமல் போவதும் இதனால்தான்.

கேள்வி கேட்ட விதம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் பாதி வேலை. உளவியலாளர் நார்பர்ட் ஷ்வார்ட்ஸும் சகாக்களும் ஜெர்மனியில் செய்து 1985-இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்லாமல் விட்டதில்லை. தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்பது கேள்வி. ஒரு பிரிவினருக்குத் தந்த விடைப் பட்டியல் 'அரை மணி வரை' என்று தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்று முடிந்தது; இன்னொரு பிரிவினருக்குத் தந்தது 'இரண்டரை மணி வரை' என்றே தொடங்கி மேலே போனது. முதல் பிரிவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16 சதவீதம். இரண்டாம் பிரிவில் 37 சதவீதத்துக்கும் மேல். பார்த்த நேரம் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. தனக்குச் சரியாகத் தெரியாத ஒன்றைக் கேட்கும்போது, மனிதர் பட்டியலின் நடுவைப் பார்த்து அதுதான் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, அதற்குச் சற்று முன்னேயோ பின்னேயோ தம்மை வைத்துக்கொள்கிறார். கைப்பேசி பற்றிய வரைவுக் கேள்வித்தாள் ஒன்றில் முதல் விடையே '3 மணி நேரத்துக்குக் குறைவு' என்று இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் நான்கு கட்டங்கள் இருந்தன. முடிவு என்ன வரும் என்பதை ஒருவரிடமும் கேட்காமலே சொல்லிவிடலாம்.

எண்ணிப் பிழையாகப் போன கணக்கைவிட, யாரும் எண்ணாமலே பிறந்த கணக்குக்கு ஆயுள் கெட்டி. பொன்மீன் கதையைக் கேள்விப்படாத விளம்பரத் துறைக்காரர் இருக்க மாட்டார். நான் உட்கார்ந்த கூட்டங்களில் அது பெரும்பாலும் இரண்டாவது ஸ்லைடில் வந்துவிடும். 2015-இல் மைக்ரோசாஃப்ட் கனடாவின் நுகர்வோர் ஆய்வுக் குழு விளம்பரதாரர்களுக்காக ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதரின் கவன நீளம் 2000-இல் 12 விநாடியாக இருந்தது, 2013-இல் 8 விநாடியாகச் சுருங்கிவிட்டது, பொன்மீனுக்கு 9 விநாடி என்று அதில் ஒரு படம் இருந்தது. டைம் இதழ் அதையே தலைப்பாக்கியது. அறிக்கைக்காக 2,000 கனடியர்களிடம் கருத்துக் கேட்டதும், 112 பேரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைப் பதிந்ததும் உண்மை. ஆனால் அந்த 12, 8, 9 இந்த 2,000 பேரிடமிருந்தும் வரவில்லை, 112 பேரிடமிருந்தும் வரவில்லை. ஸ்டாடிஸ்டிக் பிரெய்ன் என்ற இணையதளத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை அவை. 2017-இல் பிபிசி இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த இணையதளம் மூலம் என்று காட்டியிருந்தவை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் கீழ் இயங்கும் ஒரு தகவல் மையமும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும். அப்படி ஓர் ஆய்வு தங்களிடம் இருப்பதாக இரண்டுமே சொல்லவில்லை. கவனத்தைப் பற்றி ஆராயும் உளவியலாளர் ஜெம்மா பிரிக்ஸ், 'சராசரிக் கவன நீளம்' என்ற கருத்தே பொருளற்றது என்றார். செய்யும் வேலையைப் பொறுத்தது கவனம். வேலையைச் சொல்லாமல் விநாடியை மட்டும் சொன்னால் அது எதன் அளவு? பொன்மீனுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. மீன்களின் நினைவாற்றலை ஆராய்வதற்கு விஞ்ஞானிகள் விரும்பி வளர்க்கும் மீன் அது. கற்றதை மாதக்கணக்கில் மறக்காதது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மைக்ரோசாஃப்ட் அறிக்கை உள்ளே கவனத்தை நீடித்த கவனம், தேர்ந்த கவனம், மாறிமாறிச் செல்லும் கவனம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பேசுகிறது. அந்தப் பக்கங்களை எழுதியவர்களுக்குக் கவனம் ஒற்றை எண்ணில் அடங்காது என்பது தெரிந்திருக்கிறது. இருந்தும் முகப்பில் பொன்மீன் நீந்தியது.

அடுத்தது, யாரைக் கேட்கிறார்கள் என்பது. இன்று பெரும்பாலான ஸ்மார்ட்போன் ஆய்வுகள் இணையப் பேனல்களில் நடக்கின்றன. சர்வேக்களுக்கு விடை சொல்வதாகப் பதிவு செய்துகொண்டவர்கள் பேனலில் இருப்பார்கள். லிங்க் வரும், பதில் சொன்னால் புள்ளிகள் சேரும், புள்ளிகள் பரிசுக் கூப்பனாக மாறும். எண்ணிப் பாருங்கள்: ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் சர்வே லிங்க்குகளைத் திறந்து கூப்பன் சேர்ப்பவர் யார்? கைப்பேசியை நிறையப் பயன்படுத்துபவர். கைப்பேசியை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வியை அவரிடம் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, 'இந்தியர்கள்' என்றும் 'இளைஞர்கள்' என்றும் அறிவித்தால், கள்ளுக்கடை வாசலில் நின்று ஊரில் குடிப்பவர் எத்தனை சதவீதம் என்று கணக்கெடுத்த கதைதான். வயது, பால், ஊர் என்று கோட்டா வைத்து நிரப்பினாலும் இந்தக் கோணல் நிமிராது. ஏனென்றால் கோணல் வயதில் இல்லை, அந்தப் பேனலுக்குள் வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது.

பதில்களைச் சலிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், விரைவாக முடித்துப் புள்ளி வாங்குவதே குறியாக இருப்பவர்கள் எல்லாப் பேனலிலும் உண்டு. இருபது நிமிடக் கேள்வித்தாளை மூன்று நிமிடத்தில் முடித்திருப்பார்கள். பட்டியல் கேள்வி வந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள். 'ஆம்' என்றால் சர்வே தொடரும், 'இல்லை' என்றால் அங்கேயே முடிந்துவிடும் என்பதை அனுபவத்தில் கற்றவர்கள் எதைக் கேட்டாலும் ஆம் என்பார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இப்படி ஒரு பேனலில் 2022 பிப்ரவரியில் ஒரு சோதனைக் கேள்வியைச் சேர்த்தது: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களுக்கு உரிமம் இருக்கிறதா? முப்பது வயதுக்கு உட்பட்டோரில் 12 சதவீதத்தினர் இருக்கிறது என்றார்கள். அதே ஆட்களிடம் கைப்பேசி இல்லாவிட்டால் பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டுக்கு வருவோம். கைப்பேசித் தயாரிப்பு நிறுவனமான விவோ, சைபர்மீடியா ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, ஸ்மார்ட்போனும் மனித உறவுகளும் பற்றி 2019 முதல் ஆய்வறிக்கைகளை வெளியிட்டது. முதல் அறிக்கையின்படி சராசரி இந்தியர் ஆண்டுக்கு 1,800 மணி நேரத்தைக் கைப்பேசியில் செலவிடுகிறார். விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கேட்கப்பட்டவர்கள் சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களில் 2,000 பேர். மறு ஆண்டு அறிக்கை, 2019-இல் நாளுக்கு 4.9 மணியாக இருந்தது 2020 மார்ச்சில் 5.5 ஆகவும் ஏப்ரல் முதல் 6.9 ஆகவும் உயர்ந்தது என்றது. ஊரடங்கில் பயன்பாடு கூடியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பும் அலுவலகமும் அதற்குள்ளேதானே நடந்தன. ஆனால் கேட்டுப் பெற்ற பதில்களைக் கொண்டு 4.9-ஐயும் 5.5-ஐயும் பிரிப்பது, அதாவது மனிதரின் நினைவிலிருந்து 36 நிமிட வேறுபாட்டைப் பிடித்தெடுப்பது, மேலே சொன்ன 0.38-ஐப் பார்த்தவர் எவரும் துணிகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மக்கள் சொல்வது 'அஞ்சு மணி நேரம்', 'ஆறு மணி நேரம்' என்று முழு எண்ணில்; தசமம் கூட்டி வகுக்கும்போது வருவது.

'சராசரி இந்தியர்' என்பதுதான் இதில் பெரிய தாவல். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019-க்கும் 2021-க்கும் இடையில் எடுத்தது, 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் 54 சதவீதம் என்கிறது. கிராமங்களில் அது 47 சதவீதத்தைத் தாண்டவில்லை. இது ஸ்மார்ட்போன்கூட இல்லை, ஏதோ ஒரு கைப்பேசி. எட்டு நகரத்து ஸ்மார்ட்போன்காரர்களின் 1,800 மணி நேரத்தில் இந்தப் பெண்களில் பாதிப் பேர் நுழையவே இல்லை. இணைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு: 2019 முடிவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கில் 115 கோடி மொபைல் இணைப்புகள் இருந்தன. ஆனால் அவை இணைப்புகள், ஆட்கள் அல்லர். அவற்றில் உண்மையில் செயலில் இருந்தவையே 98 கோடிதான், அதிலும் இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டு தடவை எண்ணப்படுகிறார். அண்மையில், 2025-இல், மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தொலைத்தொடர்புக் கணக்கெடுப்பு 85.5 சதவீதக் குடும்பங்களில் ஒரு ஸ்மார்ட்போனாவது இருப்பதாகச் சொன்னபோதும், குடும்பம் என்ற சொல் சில நாளிலேயே உதிர்ந்து இந்தியர் என்றாகிவிட்டது. நடுவில் ஜியோபோன் போன்றவை வேறு. 2017-இல் வந்து, மறு ஆண்டே வாட்ஸ்அப்பும் பெற்றுவிட்ட அந்தப் பொத்தான் வைத்த போனை ஸ்மார்ட்போன் என்பதா, இல்லையா? அவரவர் வசதிக்கு எண்ணிக்கொண்டார்கள்.

நேரத்தைக் கேட்டறிவதே முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. அதே 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 1.39 லட்சம் குடும்பங்களில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன 4.47 லட்சம் பேரைத் தொட்டது. பொதுவாக எவ்வளவு நேரம் என்று அவர்கள் கேட்கவில்லை; முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வோர் அரை மணியும் என்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். கைப்பேசியை அளக்க எழுந்த கணக்கெடுப்பு இல்லை அது; சமைத்துக்கொண்டே திரையைப் பார்ப்பது போன்றவை அதில் நழுவியிருக்கும். ஆனால் நேற்றைய அரை மணியை நினைவுகூர்வதற்கும் வாழ்நாளின் சராசரியை ஊகிப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

பணம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும், சதி தேடுவதற்காக அல்ல, எண் எந்தப் பக்கம் சாயும் என்று அறிவதற்காக. கைப்பேசி இல்லாவிட்டால் வரும் அச்சத்துக்கு 'நோமோஃபோபியா' என்று 2008-இல் பெயர் சூட்டியது, பிரிட்டன் அஞ்சல் நிறுவனம் தன் தொலைபேசிச் சேவை சார்பில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மூலம் 2,163 பேரிடம் நடத்திய ஆய்வு. கைப்பேசி தொலைந்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ பதறுபவர்கள் 53 சதவீதம் என்றது. 2012-இல் அதை 66 சதவீதமாக உயர்த்தியது செக்யூர்என்வாய். கைப்பேசி வழியாக அடையாளம் உறுதி செய்யும் மென்பொருளை விற்பது அதன் தொழில். கைப்பேசியைக் கையிலிருந்து மக்கள் விடுவதில்லை என்பது அவர்களுக்கு விற்பனை வாதம். கைப்பேசி தொலைந்தால் பதறாத 47 சதவீதத்தினர் யார் என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அதற்குள் இருக்கும் காலத்தில் பதறுவதை நோய் என்று சொல்ல என்ன இருக்கிறது?

விளம்பரத்துக்காகப் பிறந்த அந்தச் சொல் அங்கேயே நின்றிருந்தால் கேடில்லை. 2015-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காலர் யில்டிரிம், அனா பவுலா கொரேயா இருவரும் நோமோஃபோபியாவை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதன் பிறகு பல நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் அது நிரப்பி வாங்கப்பட்டுக் கட்டுரைகள் குவிந்தன, நம் ஊர்க் கல்லூரிகளும் விலக்கல்ல. இவ்வகை அளவுகோல்கள் உண்மைப் பயன்பாட்டை எவ்வளவு பிடிக்கின்றன என்று டேவிட் எல்லிஸும் சகாக்களும் 2019-இல் சோதித்தார்கள். 238 ஐபோன் பயனர்களிடம் பத்து அளவுகோல்களை நிரப்பச் சொல்லி, 2018-இல் ஆப்பிள் கொண்டுவந்த திரைநேரப் பதிவோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு மெலிந்தே இருந்தது. எவ்வளவு நேரம் பயன்படுத்துவீர்கள் என்ற நேரடியான ஒற்றைக் கேள்விகூட, பக்கம் பக்கமாக நீண்ட அந்த அளவுகோல்களைவிட உண்மைக்கு நெருங்கி வந்தது.

ஆகவே இப்போது எவரேனும் ஸ்மார்ட்போன் ஆய்வுக்குக் கேள்வித்தாள் கொண்டுவந்து காட்டினால், எத்தனை மணி, எத்தனை முறை என்ற கேள்விகளை அடித்துவிட்டு, 'அமைப்புகளுக்குள் போய்த் திரைநேரப் பக்கத்தைத் திறந்து, கடந்த வாரத்துக்கு அதில் இருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்' என்று எழுதச் சொல்கிறேன். களத்தில் இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். சிலர் காட்ட மறுப்பார்கள். மறுத்தவர் எத்தனை பேர் என்று அறிக்கையில் எழுத வேண்டும். பழைய மாடல்களில் அந்தப் பக்கமே இருக்காது. கிடைக்கும் எண்ணும் பெரும்பாலும் தலைப்புக்கு உதவாது. அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கு இதுவரை எனக்கு நல்ல விடை கிடைக்கவில்லை: காலையில் அம்மாவும் மாலையில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் இரவில் அப்பாவும் ஒரே போனை வைத்துக்கொள்ளும் வீட்டில், திரை காட்டும் ஏழு மணி நேரத்தை யார் பெயரில் எழுதுவது?